எட்டணா அகலச் சிவப்பு

"கண்ணு, ஊட்டுக்குத் தூரமா இருக்கறயா?"

பார்லர் பெருமாயியக்கா என் காதோரமாத்தான் கேட்டாங்க. ஆனா எங்க சின்னம்மாவுக்குப் பாம்புக் காது!

"ஏனுங்க, என்ன கேட்டீங்க? மறுக்காக் கேளுங்க!"

போச்சுடா! சின்னம்மா எந்திரிச்சுட்டாங்க.

சின்னம்மா பேரு முத்தாயம்மாள். எங்க ஊர் மாதர் சங்கத் தலைவி. மைக்கைப் புடிச்சா லேசுல கீழ வெக்க மாட்டாங்க. அம்மா போனதுக்கப்புறம் என்னை வளத்தது அவங்கதான்.

எனக்கு உதட்டு மேல முடி கொஞ்சம் ஜாஸ்தி. "பொண்ணுக்கு மீசைங்க"ன்னு சொல்லியே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. வர்ற ஞாயித்துக்கெழம எடப்பாடியில இருந்து மூணாவது எடம். விசைத்தறி வெச்சிருக்கறவங்க. மாப்பிள்ளை போட்டோவை எத்தனை தடவை பாத்தேன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க!

அதனாலதான் திங்கக்கெழமயே திருச்செங்கோட்டுல சேலம் பஸ் ஏறிட்டோம். சின்னம்மா முன் சீட்டு, நான் கடேசி சீட்டு. அஸ்தம்பட்டியில எறங்கி, மாடிப்படி ஏறி, இந்தப் பார்லருக்குள்ள வந்து உக்காந்தோம்.

"ஆமாங்கக்கா. நேத்திருந்து"ன்னேன்.

"அப்ப இன்னிக்கு வேண்டாம் கண்ணு. வெள்ளிக்கெழம வா."

அவ்வளவுதான்!

"தீட்டா?" சின்னம்மா குரல் தெருவரைக்கும் போயிருக்கும். "எம்பத்து நாலாம் வருஷத்துல, அதுவும் சேலம் டவுனுக்குள்ள, ஒரு பொம்பளையே தீட்டுப் பாக்கறதா? மெட்ராஸ்ல படிச்சேன்னு போர்டு வேற! நாலு எழுத்துப் படிச்சு என்ன பிரயோசனமுங்க?"

காத்துக்கிட்டு இருந்த ரெண்டு பொம்பளைங்களும் தலையை ஆட்டினாங்க. எனக்கே பெருமையா இருந்துச்சு. பேச்சுன்னா எங்க சின்னம்மா பேச்சுத்தான்!

"எந்திரி சாமி, வேற கடை பாத்துக்கலாம்." கையைப் புடிச்சு இழுக்கல. கண்ணாலயே இழுத்தாங்க.

"அம்மா, ஒரே ஒரு நிமிசம்" பெருமாயியக்கா குறுக்க வந்து நின்னாங்க. "தீட்டு இல்லீங்க. தோலு! மாசாமாசம் உடம்புக்குள்ள ஹார்மோன்னு ஒண்ணு ஏறி எறங்குதுங்க. அது எறங்கிக் கெடக்கற நாள்ல சில பேருக்குத் தோலு சுருக்குனு இருக்கும். இன்னிக்கு மெழுகு போட்டு இழுத்தா வலி ரெண்டு பங்கு. மூஞ்சி செவந்து தடிச்சுப் போச்சுன்னா, ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவீங்க?"

"கதை உடறீங்க!"

அக்கா சொவத்துல தொங்கின காலண்டரைக் கழட்டி எங்க முன்னாடி வெச்சாங்க. மாசம் ஒரு தாள். தேதிக்குத் தேதி சின்னச் சின்னக் குறிப்பு.

"ஒரு வருசமா என் கையிலயே பரிச்சை பண்ணி எழுதினதுங்க. தூரமாகற நாளுக்கு முன்ன பின்ன இழுத்தா செவப்பு போக ரெண்டு நாளாச்சு. ஒரு வாரம் கழிச்சு இழுத்தா மத்தியானமே போயிருச்சு."

"அது உங்க தோலு. இவளுக்கு அப்படி ஆகோணும்னு இருக்குதா?"

"ஆகாமயும் போகலாம். பாத்துரலாமுங்க."

எட்டணா அகலத்துக்கு என் முழங்கைக்குக் கீழ மெழுகு தடவி, காடாத்துணியை ஒட்டி, சரக்குனு இழுத்தாங்க.

ஐயோ அம்மா! கண்ணுல பூச்சி பறந்துச்சு.

அஞ்சு நிமிசம் கூட ஆகல. அந்த எட்டணாவும் செக்கச்செவேல்னு தடிச்சு நின்னுச்சு. நினைச்சுப் பாத்தேன். இது உதட்டு மேல இருந்தா? எடப்பாடிக்காரங்க காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருப்பாங்க!

சின்னம்மா ரெண்டடி தள்ளி நின்னே எட்டிப் பாத்தாங்க. பாத்தவங்க மூஞ்சி அப்படியே மாறிப் போச்சு.

"அடடே! அடடடே! நான்தான் அவசரப்பட்டுட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அதனால என்னங்கம்மா."

"இல்லீங்க, இதைச் சும்மா உடக்கூடாது! அடுத்த மாசக் கூட்டத்துக்கு நீங்க வாரீங்க. இந்தக் காலண்டரோட வாரீங்க! தூரம்னா வெறும் உடம்பு சமாச்சாரம், தீட்டுமில்ல மண்ணாங்கட்டியுமில்லன்னு நானே மைக்ல சொல்றேன். இன்னும் பொண்ணுங்களைக் கொட்டாயில ஒதுக்கி வெக்கறாங்களே, அவங்க மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கோணும்!"

அந்த ரெண்டு பொம்பளைங்களும் கையே தட்டிட்டாங்க. எனக்கும் சிரிப்பு, சந்தோசம். வெள்ளிக்கெழம மொத ஆளா வர்றதுன்னு பேசி முடிச்சாச்சு.

பெருமாயியக்கா ஜன்னலோரத் தொட்டியில இருந்து கத்தாழை மடலை ஒடிச்சு, சோத்தை வழிச்சு, ஒரு கிண்ணத்துல போட்டாங்க.

"இந்தாங்கம்மா. புள்ள கையில எரிச்சல் தாங்கல பாருங்க. நீங்களே உங்க கையால தடவி உடுங்க."

நானும் கையை நீட்டினேன்.

சின்னம்மா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. கை தட்டின பொம்பளைங்களை ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ரொம்ப மெதுவாச் சொன்னாங்க.

"நாளான்னிக்கு அவ தல முழுகிரட்டுமுங்க. அப்புறம் தொடறேன்."