எக்ஸ்ரே அறைக் கதவு

எக்ஸ்ரே அறைக் கதவு அன்று காலை ஜெனிட்டாவுக்குத் திறக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இரண்டடி பின்னால் போய், மறுபடி வந்து நின்று பார்த்தாள். அசையவில்லை. போன மாதம் கூட வேலை பார்த்த கதிரேசனை இந்தக் கதவு இப்படித்தான் வெளியே நிறுத்தியது. வேலை போய்விட்டது என்று அவனுக்கே மதியம்தான் தெரிந்தது. பணி நிரந்தரப் பட்டியல் வேறு இந்த வாரம் வருகிறது. நேற்று எடுத்த படங்களில் எதில் தப்புச் செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பின்னால் நோயாளிகளின் வரிசை நீண்டது.

தலைமை டெக்னீஷியன் சுயம்புலிங்கம் வந்தார். கதவோரத் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலம்மா. வயித்துல பிள்ளை இருந்தா இந்தக் கதவே கண்டுபிடிச்சிரும், திறக்காது. போ, வீட்டுல சொல்லு."

கல்யாணமாகி ஆறு வருஷம். வரிசையில் நின்ற பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பதிவு மேசையில் வேலை. பட்டியலிலும் அவள் பெயர் வந்துவிட்டது. ஆனாலும் தினமும் வந்ததும் நேராக அந்தக் கதவின் முன்னால் போய் நிற்பாள். அது அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் போய் உட்காருவாள்.

"டெய்லி வந்து இதுல என்னம்மா பாக்குத?" என்பார் சுயம்புலிங்கம்.

"சும்மாதான் சார்."

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை, ஜெனிட்டா போய் நின்றாள். கதவு திறந்தது.

வரிசையில் முதலாவதாக இருந்த பெரியவர் எழுந்து, "உள்ள வரட்டுமாம்மா?" என்று கேட்டார்.