கத்தரித்த அட்டை

“மாத்திரை மிச்சம் இருக்குன்னா அந்த மாமாவுக்கு நல்லாயிடுச்சாம்மா?”

மகள் ஒரு நாள் கேட்டது.

ஆமாம் என்று தாய் சொல்லியிருந்தாள்.

அண்ணன் தந்த ஸ்டெம் செல் அவள் உடம்பில் ஒட்டிக்கொண்டது. இரத்தப் புற்று திரும்பாமலிருக்க அந்த மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். ஒரு மாதம் வாங்க வழியில்லாமல் போனது. அதே வார்டில் கணவரைப் பறிகொடுத்த முபீனா அக்கா, அவருக்கு வாங்கி மீந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

அந்த வார்டில் அப்படி ஒரு வழக்கம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஓர் அட்டை மட்டும் பாதியாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. குத்தாமலிருக்க முனைகளையும் மழுக்கியிருந்தாள்.

ஏன் கத்தரித்தாள் என்று அப்போது புரியவில்லை.

நோய் திரும்பிவிட்டதை டாக்டர் நேற்றே போனில் சொல்லிவிட்டார். இன்று மகள் பக்கத்தில் நின்றாள்.

“இந்த மாத்திரை இனி வேண்டாம்மா. நிறுத்திடலாம்” என்றார் டாக்டர்.

“அப்ப உனக்கு நல்லாயிடுச்சு” என்றாள் மகள்.

டாக்டர் பேனா மூடியைத் தேடினார்.

அவளே அன்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்தான் அது.

வெளியே வந்ததும் மகள் அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். “சாமி கண்ணத் தொறந்துட்டாரு” என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளும் கைகூப்பினாள்.

மகள் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

கட்டுப் போடும் அறையில் தாய் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாள். கைப்பையில் முழு அட்டைகள் சில. ஒன்று பாதி தீர்ந்தது. பிதுக்கிய குழிகளில் விரலை ஓட்டினாள். கடைசிக் குழியில் விரல் நின்றது.

இந்த இடம் வரைதான்.

நின்றுபோன இடத்தை இன்னொருவர் பார்க்க வேண்டாம்.

கத்தரித்தாள். முனைகளை மழுக்கினாள்.

இரத்தம் எடுக்கும் இடத்தில், வரிசைக்காக நாற்காலிகளில் பைகள் உட்கார்ந்திருந்தன. நீலப் பை தணிகைவேலுடையது. அதே மாத்திரையை, கட்டுப்படியாகாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறவன். டீ குடிக்கப் போயிருந்தான்.

பையின் ஜிப்பைத் திறந்தாள். அட்டைகளை உள்ளே வைத்து மூடினாள். முபீனா அக்காவுக்காக, உதடு அசையாமல் வேண்டிக்கொண்டாள்.

மகள் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

கத்தரித்தெடுத்த வெற்றுக் குழிகள் கைக்குள் இருந்தன. விரல்களை மூடிக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.