முன்வரிசையில் ஒரு கத்தி

கத்தியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கஜந்தினி மண்டபத்துக்குள் நுழைந்தாள். மேடைக்கு நேர் எதிரே, முன்வரிசையில் ஒரு கதிரை அவளுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது.

"பிள்ளை, முதலிலை ஜெயதீபனைக் கவனி," என்று பின்கதிரையிலிருந்து கிறிஸ்ரோபர் குனிந்து சொன்னார். "தலைவன் விழுந்தால் மற்றவங்கள் தானா விழுவாங்கள்."

"பாவமில்லையே, அண்ணை?"

"பாவத்தைப் பிறகு பாதரிட்டைச் சொல்லுவம். இண்டைக்கும் தோத்தால் அந்தப் பாதரே நாங்கள் பழகிற அறையைக் கராத்தே வகுப்புக்குக் குடுத்திடுவார். பிறகு கடலுக்குள்ளை நிண்டுதான் ஊதவேணும்."

கிறிஸ்ரோபரின் பாண்ட் குழுவில் எல்லோரும் குருநகர்க்காரர். விடியற்காலையில் மீன் விற்றுவிட்டு, பின்னேரத்தில் ட்ரம்பெட்டும் டியூபாவும் ஊதுகிறவர்கள். திருவிழாப் போட்டியில் வருடா வருடம் ஜெயதீபனின் குழுவிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

போன கிழமைதான் ஒரு வழி தெரிந்தது. டியூபா ஊதும் சுரேஸின் தங்கை கஜந்தினி, பயிற்சி நடந்த அறை வாசலில் நின்று பச்சை மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தாள். பார்த்த அத்தனை பேருக்கும் வாயூறி, உதடு நழுவி, ஒருவராலும் ஒரு சுரம் எழுப்ப முடியவில்லை.

"எனக்கொரு சந்தேகம், கிறிஸ்ரோபர் அண்ணை," என்றான் பக்கத்தில் இருந்த சுரேஸ். "நாங்கள் ஊதி முடிச்சால் குழலுக்குள்ளாலை ஊத்தின தண்ணி மேடை முழுக்கக் கிடக்கும். துடைக்க ஆள் வேணும். போன வருசம் ஜெயதீபன்ரை ஆக்கள் நிண்ட இடம் காய்ஞ்சு கிடந்ததே."

"அதுதான்ரா பயிற்சி. நீ ஊதுறது பாதி மூச்சு, பாதி துப்பல்."

ஜெயதீபனின் குழு வெள்ளைச் சீருடையோடு மேடையேறியது. ட்ரம்பெட்டுகள் ஒன்றாக உயர்ந்தன. ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர, மண்டபம் கைதட்டியது.

கஜந்தினி பையைத் திறந்தாள். மாங்காயின் தோலைச் சீவி, ஒரு துண்டு வெட்டி, தூளில் புரட்டி, மேடையைப் பார்த்தபடி நறுக்கென்று கடித்தாள்.

ஜெயதீபனின் கண்கள் அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டன. டியூபாக்காரரின் தொண்டை ஏறி இறங்கியது. கிறிஸ்ரோபர் செபமாலையை இறுக்கிப் பிடித்தார்.

பாட்டில் ஒரு சுரமும் பிசகவில்லை.

"இன்னும் பெரிசா வெட்டு பிள்ளை."

அவள் பெரிதாக வெட்டினாள். கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றாள். பின்வரிசையில் கிறிஸ்ரோபரின் ஆட்கள்தான் ஆளுக்கொரு கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்கள்.

"அண்ணை, உதை நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்று சுரேஸ் கெஞ்சினான். "அடுத்தது நாங்கள். என்ரை உதடு இப்பவே சரியில்லை."

"உவங்கள் மனிசர்தானோ?" என்று கிறிஸ்ரோபர் தலையில் கைவைத்தார். "முடிஞ்சுது. அறை போச்சு."

அப்போது, ஸ்பீக்கர் பெட்டிகளில் ட்ரம்பெட் ஒலித்துக்கொண்டிருக்கவே, ஜெயதீபன் தன் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். கஜந்தினிக்கு நேரே குந்தியிருந்து கையை நீட்டினார்.

"தங்கச்சி, பாட்டு முடிய இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு, ஒரு துண்டு தாருமன்."