எல்லை தாண்டும் மெஷின்

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். கோளாறு அந்த ஆளுக்குத்தான்" என்றார் மேனேஜர், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கீழே, இரும்பு கடையும் சி.என்.சி. லேத் முன்னால் நின்றிருந்த ஆபரேட்டரைக் கை காட்டினார். சர்வீஸ் இன்ஜினியர் எட்டிப் பார்த்தார்.

"தினமும் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஓவர் டிராவல் அலாரம். மத்த ஷிஃப்ட்ல இதே மெஷின் பசு மாதிரி ஓடுது. இவன் கை பட்டா மட்டும் எல்லை தாண்டுது. தூங்குமூஞ்சி! அலாரம் அடிச்சா அரை மணி நேரம் வேலை இல்லைல்ல?"

ஓவர் டிராவல் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. லேத்துக்குள் வெட்டும் கருவியைச் சுமந்துகொண்டு அங்கும் இங்கும் போகும் வண்டிக்கு ஓர் எல்லை உண்டு. தாண்டினால் மெஷின் அலறிவிட்டு நின்றுவிடும். தலையில் எரியும் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். வண்டியைப் பின்னால் எடுத்து, எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒரு துண்டு வெட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம்.

"ஸ்விட்ச் கோளாறா இருக்கலாம் சார்."

"இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம். மெஷினுக்குன்னா நான் கணக்கே பாக்க மாட்டேன். ஆனா இவன் தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாயங்காலமே வேலைய விட்டு அனுப்பிடுவேன்."

இன்ஜினியர் இறங்கிப் போனார். மூடிகளைக் கழற்றினார். எல்லை ஸ்விட்சில் இரும்புத்தூள் இல்லை. ஒயர் எங்கும் உரசவில்லை. கம்ப்யூட்டரில் பதிந்திருந்த எல்லையும் சரி. மாமியார் வரப்போகிற வீடு மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"எப்படிப்பா அலாரம் வருது?"

"தெரியல சார். தானா வருது" என்றார் ஆபரேட்டர்.

"தானா வர்றதுக்கு அது என்ன தும்மலா?"

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஜினியருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆள் வேலைக்கள்ளன்தான், மேனேஜர் சொன்னதில் தப்பில்லை என்று முடிவுகட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டு முடித்து, மெஷின்மேல் மறந்து வைத்த டார்ச் லைட்டை எடுக்கப் பின்வாசல் வழியாக அவர் திரும்பி வந்தபோது, லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அக்கம்பக்கம் பார்த்தார். மெஷினை நிறுத்தினார். பொத்தானை அழுத்தி வண்டியைத் தன் கையாலேயே எல்லை வரை ஓட்டினார். அதற்கு மேலும் ஓர் அமுக்கு.

அலாரம் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

'மாட்டினியா!' என்று இன்ஜினியர் காலை எடுத்து வைத்தார்.

"உட்காரும்மா, உட்காரு" என்றார் ஆபரேட்டர், மெதுவாக.

பக்கத்து மேஜையில் நின்று, வெட்டி வந்த துண்டுகளின் ஓரப் பிசிரைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்த பெண், காலி பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தாள். நிறைமாதத்துக்கு அதிக நாள் இல்லை. ஷூவைக் கழற்றினாள். கால் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

நிமிர்ந்த ஆபரேட்டர் இன்ஜினியரைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

"சார்... பச்சை எரியிறப்ப இங்க யாரும் உட்காரக்கூடாது சார். சிவப்பு எரிஞ்சாத்தான்." கண்ணாடிச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு ஸ்டூல் கேட்டோம். இன்னைக்கு ஸ்டூல் கேப்பீங்க, நாளைக்குக் கட்டில் கேப்பீங்கன்னாரு. லீவு கேட்டதுக்கு, மொத்தமா எடுத்துக்கோன்னுட்டாரு."

"உன் தங்கச்சியா?"

"இல்ல சார். பக்கத்து டேபிள்."

"அண்ணன் மேல தப்பில்ல சார், என்னாலதான்..." என்று அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா. இன்னும் சிவப்புதான் எரியுது" என்றார் இன்ஜினியர்.

மேலே மேனேஜர் ஆவலோடு காத்திருந்தார். "கண்டுபிடிச்சீங்களா? அவன்தானே?"

"மெஷின்தான் சார். நிக்காம ஓடுறதுல உள்ள இருக்கிற ஸ்க்ரூ சூடேறி நீளுது. அதான் எல்லை தாண்டுது."

"மத்த ஷிஃப்ட்ல வரலையே?"

"உச்சி வெயில் இந்த ஷிஃப்டுக்குத்தானே சார்?"

இன்ஜினியருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது மடல் சிவந்துவிட்டது. நல்லவேளை, மெஷின் எத்தனை துண்டு வெட்டும் என்பதைத் தவிர மேனேஜருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

"இப்ப என்ன செய்யணும்?"

"தினமும் மதியம் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கணும். பக்கத்துல ஒரு ஃபேன் போடணும். யாராவது ஒருத்தர் கூடவே உட்கார்ந்து சூடு குறையுதான்னு பாத்துக்கணும். பக்கத்து டேபிள் அம்மாவே போதும்."

"உட்கார்ந்தா?" மேனேஜரின் புருவம் ஏறியது.

"மீட்டர் கீழ இருக்கு சார். நின்னாத் தெரியாது."

மேனேஜர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஃபேன் ஒண்ணு, நல்ல குஷன் வெச்ச நாற்காலி ஒண்ணு, உடனே லேத்துகிட்ட கொண்டு போங்க. மெஷின் விஷயம், கஞ்சத்தனம் கூடாது!"

போனை வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக லேத்தையே உருக்கமாகப் பார்த்தார்.

"இத யாராவது முன்னாடியே சொல்லக்கூடாதா சார்? பாவம், அதுவும் எவ்வளவு நேரந்தான் நின்னுக்கிட்டே உழைக்கும்!"