ஒரிஜினல் டப்பா

"வண்டிக்காரரு ஒரிஜினல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு பாய்" என்றான் தாடிக்கொம்பிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பிரபு.

உதிரிபாகக் கடை இஷாக் எகத்தாளமாகச் சிரித்தார். பைக்கின் பின் பிரேக்குக்கு மாட்டும் மாஸ்டர் சிலிண்டரின் டூப்ளிகேட் ஒன்றை எடுத்து, ஒரிஜினலின் காலி டப்பாவுக்குள் திணித்தார். கிழிந்த மூடியைச் சிவப்பு டேப்பால் ஒட்டினார்.

"இத மாட்டிட்டு டப்பாவ அவன் கையில குடு. அந்த இளிச்சவாயன் பொண்டாட்டிகிட்ட காட்டிப் பீத்திக்குவான்!"

சாயங்காலம் மருமகனின் பைக்கில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள் மகள் பர்ஹானா.

"புள்ளைய வச்சுக்கிட்டு இந்தப் பழைய வண்டியிலயா வர்றது?" என்று கடிந்துகொண்டார் இஷாக்.

"பயப்படாதீங்க அத்தா, இன்னிக்குத்தான் பிரேக்க சரி பண்ணினோம். உங்க கடைக்கு வந்தா காசு வாங்க மாட்டீங்கன்னு மெக்கானிக்கையே வாங்கிப் போடச் சொல்லிட்டாரு இவரு. ஒரிஜினலாக்கும்!"

பெருமையாக டப்பாவை நீட்டினாள்.

மூடியில் சிவப்பு டேப்.