பாதிரியின் மனைவி

“இது தெல்பரிதானுங்களே?” என்று கேட்டான் அந்தப் படைவீரன்.

தபால் நிலையத்தின் முகப்பில் ஊர்ப்பெயர் இருந்த இடத்தைக் கறுப்பு மையால் மெழுகியிருந்தார்கள். சாலையோரக் கைகாட்டிகளைச் சென்ற மாதமே பிடுங்கிக்கொண்டு போயாயிற்று. வானத்திலிருந்து குதிக்கும் ஜெர்மானியன் வழி தெரியாமல் திண்டாட வேண்டும் என்பது இங்கிலாந்து அரசின் ஏற்பாடு.

“அதச் சொல்றதுக்கில்ல” என்றார், தபால் நிலையத்தை நடத்திவந்த திருமதி பிரெட்டிமன்.

“சரி, அப்ப இது எந்த ஊரு?”

“இது ஒரு ஊரு.”

மியூரியல் டட்டன் அப்போது கதவருகே நின்றிருந்தாள். அவள் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியை. ஏழு வாரங்களாக, பள்ளியைப் பூட்டியதும் நேரே இங்கு வருவதே அவளுடைய வழக்கம்.

அவள் கணவர் கிளெமென்ட் பிரான்சில் காணாமற்போனார் என்று ஒரு தாள் வந்திருந்தது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. நாள்தோறும் அவள் வாயைத் திறக்குமுன்பே திருமதி பிரெட்டிமன் தலையை அசைத்துவிடுவார். இன்றும் அசைத்தாயிற்று.

“ஊர்ப் பேரு கெடக்கட்டும்” என்றான் அவன். “பாதிரியோட சம்சாரத்தப் பாக்கணும். வீடு எதுன்னு மட்டும் காட்டுங்க, போதும்.”

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அவ்வூர்ப் பாதிரியாருக்கு அறுபத்தெட்டு வயது. மணம் செய்துகொள்ளாதவர்.

பிறர் ஏட்டில் பிழை காண்பது மியூரியலின் தொழில். காக்கிச் சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இல்லை. ரயில் நிலையத்திலிருந்து மூன்று கல் தொலைவு புழுதியில் நடந்து வந்தவனுடைய காலணி பளபளத்தது. இப்போது, இல்லாத ஒரு மனைவி.

மூன்று பிழை போதும். அவள் அவனுக்குப் பின்புறமாகச் சென்று கதவைத் தாழிட்டாள்.

திருமதி பிரெட்டிமன் தொலைபேசியை எடுத்தார். “ஆம்ப்ளெட், உடனே வாங்க. ஒண்ணு எறங்கிடுச்சு.”

ஊர்க்காவல் படையின் தலைவரான கசாப்புக்காரர் ஆம்ப்ளெட் நான்கே நிமிடங்களில் பின்வாசல் வழியாக வந்துசேர்ந்தார். படைக்குத் துப்பாக்கி இன்னும் வரவில்லை. ஆகவே வைக்கோல் வாரும் கவையை ஏந்தியிருந்தார். இரத்தக் கறை படிந்த மேலங்கியைக் கழற்ற அவருக்கு நேரமிருக்கவில்லை. அது கவையைக் காட்டிலும் நன்றாக வேலை செய்தது.

“கையத் தூக்கு!”

அவன் தூக்கினான். ஒன்று தோளுக்கு மேல் எழவில்லை.

“ரெண்டையுந்தான்!”

“இது அவ்வளவுதான் போகும், அண்ணே. டாக்டரே கைவிட்டுட்டாரு.”

“பாதிரியாரு சம்சாரத்தப் பாக்கணுமாம்” என்றார் திருமதி பிரெட்டிமன். “அவருக்கு இருக்கிறது ரெண்டு பூனை. ரெண்டும் கடுவன்.”

“ஐயோ, நெசப் பாதிரி இல்லீங்க” என்றான் அவன். “ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில். பாதிரிங்கறது பட்டப்பேரு. நெசப் பேரயும் விலாசத்தயும் சிகரெட் பெட்டி மேல எழுதி வச்சிருந்தேன். சிகரெட்டு தீந்துச்சு, பெட்டிய எறிஞ்சுட்டேன். தெல்பரின்னு மட்டுந்தான் நெனப்பிருக்கு.”

“ஏன், அவன் கடிதாசி போட மாட்டானாமா?”

“அவனுக்கு நெனவு தெளிஞ்சு பேரச் சொன்னதே போன வாரந்தான். வேற ஆள் கையெழுத்துல கடிதாசி வந்தா சம்சாரம் பயந்துடும்னான். லீவுல போற வழில நேர்ல போய்ச் சொல்லுன்னு என்னய அனுப்பினான்.”

“பயமுறுத்தக் கூடாதுன்னு உன்னய அனுப்பினானா!” ஆம்ப்ளெட் கவையின் முனையை அவனுடைய இரண்டாவது பொத்தானில் வைத்தார். “இந்த ஊருலேருந்து பட்டாளத்துக்குப் போனவன் பதினோரு பேரு. அத்தன பேரும் எங்கிட்ட கறி வாங்குனவன். அதுல பாதிரின்னு பட்டம் வாங்குற மூஞ்சி ஒண்ணுகூடக் கெடையாது. எதுக்குடா அந்தப் பேரு?”

“சாப்பாட்டு ஜெபத்தாலதான் அண்ணே. சின்ன ஜெபமில்ல. ராஜாவுக்கு ஒண்ணு, கப்பல்காரனுக்கு ஒண்ணு, சமைச்சவளுக்கு ஒண்ணு, கடைசியா கோதுமை வெதச்சவனுக்கு ஒண்ணு. அதுக்குள்ள எங்க சூப்பு ஆறிப் போகுது.”

மியூரியல் கதவருகிலிருந்து அவன் முன்னால் வந்து நின்றாள்.

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஊரறியத் தூங்கி வழிகிற கிளெமென்ட், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் விழித்துக்கொள்வார். ஆறு ஆண்டுகளாக அவள் சூப்பை ஆறவைத்தே குடித்திருக்கிறாள். கோதுமை விதைத்தவனே எப்போதும் கடைசி. இந்த வெட்கக்கேட்டை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“கடைசில என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள். அவளுக்கு வந்தது வகுப்பறைக் குரல்தான். “திருப்பிச் சொல்லுங்க.”

“சூப்பு ஆறிப் போகுதுன்னேன்.”

“ஆறிப் போச்சுன்னு சொல்லல?”

“இல்லீங்க, டீச்சர்” என்றான் அவன். அவள் ஆசிரியை என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “ஆறிப் போகுது. நேத்து மத்தியானங்கூட. அவனுக்கு ரெண்டு கையிலயும் கட்டு. கரண்டிய வாய்க்கு நேரா நீட்டிக்கிட்டு, ஆமென் வர்ற வரைக்கும் நான்தானே உக்காந்திருக்கேன்.”

பதினான்கு ஆண்டுகளாகப் பிறருடைய வாக்கியங்களைத் திருத்தி வந்த மியூரியல், அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் தொடவில்லை.