அடுத்தது ஆரோட கதை?

"அடுத்தது ஆரோட கதைடி?" கட்டிலில் சாய்ந்திருந்த பாகீரதி கேட்டாள்.

பத்மப்ரியா இன்னும் ஆபீஸ் புடவையைக்கூட மாற்றவில்லை. கழக்கூட்டம் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்ததில் கால் இரண்டும் கடுத்தன. நாற்காலியில் விழுந்து, கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"மூணு பேர் இருக்காம்மா. கரமனை நீலன்னு ஒருத்தர், எப்பவும் யுத்தம்தான். வேணாட்டு மைந்தன் அழ வச்சுடுவார். அருவிக்கரை அம்பலவன் எழுதினா பக்கத்துக்குப் பக்கம் காதல்."

"யுத்தம் மதி, போதும். கேட்டு அலுத்தாச்சு. அழறதும் வேண்டாம். அம்பலவனையே வாசி."

"சரிம்மா. காபி குடிச்சுட்டு வரேன்."

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மலையாளப் பெண் அஸ்வதி கைப்பையோடு வாசலில் நின்றாள். "சேச்சி, இன்னைக்கும் உச்சைக்கு ஊணு கழிச்சது அம்மாவுக்கு ஓர்மையில்லை. பசிக்குது, பசிக்குதுன்னு ரெண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஞான் இறங்கட்டே?"

பத்மப்ரியா தலையை மட்டும் ஆட்டினாள். நேற்று அம்மா மகளான இவளையே, செத்துப்போன சித்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்த பழைய சரித்திர நாவல். அம்பலவன், நீலன், மைந்தன் எல்லோரும் இந்த ஒரே புத்தகம்தான்.

அம்மாவுக்குக் கண் மங்கிய புதிதில் நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்துதான் வாசித்துக் காட்டினாள். ஒரு தடவை போக முடியவில்லை. வீட்டில் கிடந்ததையே மறுபடி எடுத்து, எழுதியவர் பேரையும் ராஜகுமாரியின் பேரையும் மட்டும் மாற்றி வாசித்தாள். அம்மா புதுக்கதை கேட்பதுபோலவே கேட்டாள்.

அத்தோடு நூலகத்துக்குப் போவது நின்றது. ஆசிரியர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

பால் பொங்கும் நேரத்தில் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அண்ணன் மஹேஷ்.

"முதியோர் ஹோம்ல பேசிட்டேன், பத்மா. ஞாயித்துக்கிழமை வரேன். அம்மாவை அங்கே கொண்டு விட்டுடலாம்."

"அம்மா இந்தத் தெருவை விட்டு எங்கேயும் இருந்ததில்லைண்ணா."

"எந்தத் தெருவுல இருக்கோம்னு அவளுக்குத் தெரியுமா? ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசிச்சாலும் கண்டுபிடிக்கலைன்னு நீதானே சொன்னே? நீயும் எத்தனை நாள்தான் இப்படி ஓடுவே? சரின்னு சொல்லு."

அடுப்பை அணைத்தாள். அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

"சரிண்ணா" என்றாள்.

காபியைக் குடித்துவிட்டுப் புத்தகத்தோடு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை ராஜகுமாரிக்கு முத்துநாச்சி என்று பேர் வைத்து ஆரம்பித்தாள். இன்னும் சில நாள்தானே வாசிக்கப்போகிறோம் என்ற நினைப்பில் குரல் ஒன்றிரண்டு இடத்தில் இடறியது.

கோட்டைக்கு வெளியே இளவரசன் மழையில் காத்து நின்றான். கதவு திறக்கும் இடம் வருவதற்கு முன்பே அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வடிவது அவளுக்குச் சில மாதமாகவே உள்ளதுதான். பத்மப்ரியா தொடர்ந்து வாசித்தாள்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. தூக்கம் இமையை அழுத்தியது.

"கதவு மெல்லத் திறந்தது. விளக்கைக் கையில் ஏந்தி, நனைந்த கூந்தலோடு செண்பகவல்லி வெளியே வந்தாள்..."

சட்டென்று நிறுத்தினாள். பேர் தப்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, துழாவி, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செண்பகவல்லி போன தடவைடி, கொழந்தே. இப்போ அவ முத்துநாச்சி."